செங்கோடக் கவுண்டரும் காக்கிக் கம்பளியும்

செங்கோடக் கவுண்டர் இறந்துபோன செய்தியை அவருடைய மச்சினர் பழனியப்பன் கொண்டுவந்தார். நான் சேலத்தில் அஸ்தம்பட்டிக்கு அப்பால் ஒரு மின் கம்பத்தடியில் நின்று இரண்டு ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லிலிருந்து கரிவாயு பஸ்ஸில் வந்து, வாடகைச் சைக்கிள் எடுத்து, ஆபீஸில் விசாரித்து, அங்கே இல்லையென்றதும் வெயிலில் கம்பம் கம்பமாகத் தேடிக்கொண்டு வந்திருந்தார். முகமெல்லாம் பஸ் கரி.

"மாமா போயிட்டாருங்க," என்றார்.

"எப்படி?"

"கெணத்தடியில நின்னு ஆளை வஞ்சுக்கிட்டு இருந்தாருங்க. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான்."

"வைதுகொண்டேவா?"

"ஆமாங்க. பாதி வசவு உள்ளயே நின்னுபோச்சு."

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்த மனிதர் வேறெப்படியும் போயிருக்க மாட்டார்.

பழனியப்பன் அதோடு கிளம்பவில்லை. கருமாதியன்று சிறு புத்தகம் ஒன்று அச்சிட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் இரங்கற்பா எழுதுகிறாராம். கோயில் தர்மகர்த்தா ஒரு பக்கம் எழுதுகிறாராம். நானும் எழுத வேண்டுமாம்.

"நானா? எனக்கும் அவருக்கும் என்ன?"

பழனியப்பன் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே நின்றார். "மாமாவே சொல்லி வெச்சதுங்க. ஒரு நா சோத்துல உக்காந்திருக்கறப்பச் சொன்னாரு. நாஞ் செத்தா அந்தக் கரண்டுப் பையன எழுதச் சொல்லுங்க. அவனுக்கு என்னையக் கண்டா ஆவாது. ஆவாதவன் எழுதுனாத்தான் படிக்கறவன் நம்புவான்னாருங்க."

ஆகவே எழுதுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இந்தப் புத்தகத்தின் மற்றப் பக்கங்களில் அவர் கருணைக் கடலாகவும் கற்பக விருட்சமாகவும் நிற்பார். அதை நம்புகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம்.

நான் அவரை முதலில் பார்த்தது நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே, அவருடைய காட்டில். மேட்டூர் மின்சாரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பாதை அளந்து, கம்பம் வரவேண்டிய இடங்களில் தலைக்குச் சுண்ணாம்பு பூசிய மரக்கட்டைகளை அடித்துக்கொண்டே போனோம். மறுநாள் காலை நான் கூடாரத்துக்கு வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். கறுத்த, உயரமான மனிதர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விறகு கட்டுவது போல எங்கள் கட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டித் தோளில் வைத்திருந்தார். என் காலடியில் போட்டார்.

"என்ற காட்டுல கெடந்துச்சு. உன்றதான்னு பாரு."

"கிடக்கவில்லை. நாங்கள் அடித்தவை," என்றேன்.

"அடிச்சயா? நா ஏதோ நாயி கவ்விக்கிட்டு வந்து போட்டதாக்கும்னு நெனச்சேன்."

சர்க்கார் உத்தரவைப் பற்றிச் சொன்னேன். மின்சாரம் வந்தால் கிணற்றில் பம்பு வைக்கலாம், எருது வேண்டாம், ஆள் வேண்டாம், பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்க சர்க்காரு என்ற எருதுக்கு என்ன சோலி குடுக்கும்? கச்சேரியில கொமாஸ்தா வேலையா?" என்றார். என் ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

கட்டைகளைத் திரும்ப அடித்தோம். அவர் திரும்பப் பிடுங்கினார். கடைசியில் மேலதிகாரி தலையிட்டு, கம்பிப் பாதை அவர் காட்டைச் சுற்றிக்கொண்டு போனது. இன்றைக்கும் அந்த வழியாகப் போகிறவர்கள் பார்க்கலாம். நேராக வந்த கம்பங்கள் ஓரிடத்தில் முழங்கை மாதிரி வளைந்து, அப்பால் போய் நேராகும். அந்த வளைவுக்குச் செங்கோடக் கவுண்டர் என்று பெயர்.

இரண்டாம் முறை நாங்கள் சந்தித்தது சேலத்தில், பாதிரிமார் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில். சுவிட்சு ஒன்று வெடித்து என் வலது கை வெந்திருந்தது. புண் ஆறிவிட்டது. தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் மட்டும் சுளகுக் குச்சி மாதிரி விறைத்து நின்றன. குறடு பிடிக்க முடியாதவனுக்கு என் உத்தியோகத்தில் இடமில்லை. அந்த எரிச்சலில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்து விட்டார்கள்.

"யாரு, கட்டைக்காரனா?" என்றது குரல்.

அவர் கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைக்கிறபோது வடக்கயிறு நழுவி, வலது கை உருளையில் மாட்டிக்கொண்டு நான்கு விரல்களும் நசுங்கியிருந்தன. எலும்பு கூடிவிட்டது. விரல் மடங்கவில்லை.

"பம்பு வைத்திருந்தால் விரல் நன்றாக இருந்திருக்கும்," என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். "என்னைய எருது கடிக்குல. உன்னைய உன்ற கரண்டு கடிச்சிருச்சாட்ட இருக்குது."

எங்கள் ஆஸ்பத்திரி வாசம் இப்படித் தொடங்கியது.

அவருக்கு அந்த விரல்கள் எதற்காக வேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்தது. அவர் அருமைக்காரர். அவர்கள் இனத்துக் கல்யாணங்களில் சடங்குகளை முன்னின்று நடத்துகிறவருக்கு அந்தப் பெயர். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மஞ்சள் நூல் கங்கணத்தை அவர்தான் கையில் கட்ட வேண்டும். வலது கையால் முடிச்சுப் போட வேண்டும். அவருடைய அக்கா மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் விரல் மடங்காவிட்டால் அந்த இடத்தில் அவருடைய பங்காளி பெரியண்ணக் கவுண்டர் நிற்பார்.

பெரியண்ணக் கவுண்டரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார், கண்ணை மட்டும் அந்தக் கட்டுப்போட்ட கையிலிருந்து எடுக்கவில்லை.

"நீ ஒண்ணும் வெசனப்படாத, செங்கோடா. கண்ணாலத்த நா பாத்துக்கறேன்."

"நா இன்னும் சாவுல," என்றார் செங்கோடக் கவுண்டர்.

"அட, அப்புடிச் சொன்னனா? கையி செரியில்லாதப்ப—"

"பழத்த வெச்சிட்டுப் போ. விரலப் பாக்கத்தான் வந்தே. பாத்துட்ட. போ."

அவர் போனபிறகு செங்கோடக் கவுண்டர் ஒரு பழத்தை உரிக்க முயன்றார். இடது கையால் பிடித்து, வலது கையால் தோலைக் கிள்ளப் பார்த்தார். விரல் வழுக்கியது. பழத்தைச் சுவரில் எறிந்தார். பாதி என் கட்டிலில் விழுந்தது. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்ன வைத்தியம் விசித்திரமானது. மருந்து இல்லை, தைலம் இல்லை. கம்பளி பின்னவேண்டும். யுத்தத்துக்குப் போன சிப்பாய்களுக்குக் கழுத்துத் துண்டு பின்னுவதற்காக ஆஸ்பத்திரிக்குக் காக்கிக் கம்பளி நூல் வந்து குவிந்திருந்தது. அதில் ஆளுக்கு ஒரு பந்தும் இரண்டு எஃகு ஊசியும் எங்களுக்கு. சித்திரை வெயிலில், சேலத்தில், கம்பளி.

கற்றுக்கொடுக்க வந்தவர் நர்ஸ் லூர்துமேரி. சேலத்துக்காரர். பெரிய உருவம். சிரிக்காத முகம். கன்னிமாடத்துப் பள்ளியில் சிறு வயதில் பின்னல் கற்றவர். கவுண்டருக்கு அவர் 'அம்மிணி'.

"அம்மிணி, இது பொம்பளை சோலி."

"சரிங்க கவுண்டரே. அப்ப ஊட்டுக்குப் போங்க. போய், உங்க கோவணத்தை உங்க சம்சாரத்தைக் கட்டிவிடச் சொல்லுங்க."

கவுண்டர் ஊசியை எடுத்தார். அவரை ஒரு வாக்கியத்தில் வேலை வாங்கிய ஒரே ஆள் அந்த அம்மாள்தான்.

பின்னல் எளிது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், எளிது இல்லை. முதலில் ஓர் ஊசியில் வரிசையாகக் கண்ணிகளை ஏற்ற வேண்டும். கண்ணி என்றால் சிறு சுருக்கு. அந்த ஊசி இடது கையில். வெற்று ஊசி வலது கையில். அதன் முனையைக் கண்ணிக்குள் குத்தி, நூலை முனையில் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே வெளியே இழுத்து, பழைய கண்ணியை ஊசியிலிருந்து தள்ளிவிட வேண்டும். வரிசை முடிந்ததும் எல்லாக் கண்ணிகளும் வலது ஊசிக்கு வந்திருக்கும். அப்போது துணியைத் திருப்பி, ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து. நர்ஸ் இதை நாலே சொல்லில் சொன்னார்: "குத்து, சுத்து, இழு, தள்ளு. வரிசை முடிஞ்சா திருப்பு."

"குத்து, சுத்து, இழு, தள்ளு," என்று கவுண்டர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "போலீசுக்காரனுக்குச் சொல்லிக் குடுக்கறாப்பல இருக்குது."

என்னுடைய முதல் நாள் வேலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கண்ணிகளை இறுக்கி இழுத்துவிட்டதால் ஊசி முனை உள்ளே நுழையவில்லை. தளர்த்தினால் முழு வரிசையும் நழுவியது. வியர்வையில் நூல் கையோடு ஒட்டிக்கொண்டது. நூலிழைக்கு நடுவே குத்தி ஒரு கண்ணியை இரண்டாகப் பிளந்தேன். ஓரத்தில் நூலைத் தவறாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரிசையிலும் எனக்குத் தெரியாமலே ஒரு கண்ணி கூடியது. சில நாளில் என் துண்டு கீழே குறுகி மேலே விரிந்து நின்றது.

"மொறமா அது?" என்றார் கவுண்டர்.

"கழுத்துத் துண்டு."

"அந்தச் சிப்பாயிக்கு யானைக் கழுத்தா?"

"உங்களுடையதைக் காட்டுங்கள்," என்றேன்.

காட்டினார். அதில்தான் எனக்கு எரிச்சல் அதிகமானது. அவருடைய துண்டு என்னுடையதைவிட நீளமாக இருந்தது. ஓரம் நேராக இருந்தது. அதோடு, ஒரு பக்கம் முழுக்க வழவழவென்றிருந்தது. என்னுடையதில் இரண்டு பக்கமும் ஏர் உழுத மாதிரி வரப்பு வரப்பாக மேடுகள். நர்ஸுக்கே குழப்பமாக இருந்தது. வழவழப்பு வர வேண்டுமானால் ஒரு வரிசை நேராகவும் அடுத்த வரிசை புரட்டியும் போட வேண்டும், அதை நான் இன்னும் சொல்லித்தரவேயில்லையே, என்றார்.

"எங்கிருந்து கத்துக்கிட்டீங்க கவுண்டரே?"

"உங்க கன்னிமாடத்துலதான் அம்மிணி. சொவரேறிக் குதிச்சுப் பாத்தேன்."

நான் தொழில் படித்தவன். ஓர் இயந்திரம் ஓடவேண்டியபடி ஓடாமல் வேறுவிதமாக ஓடினால் எங்கே வேறுபட்டது என்று பார்க்காமல் விடமாட்டேன். ஒரு மத்தியானம் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு அவர் கையைக் கவனித்தேன். ஒரு வரிசை முடிந்தது. எல்லாக் கண்ணிகளும் வலது ஊசியில். இப்போது திருப்ப வேண்டும். அவர் திருப்பவில்லை. வலது கையில் ஊசியைச் சும்மா பிடித்துக்கொண்டு, இடது ஊசியால் குத்தி, இடது கையால் சுற்றி, வந்த வழியே கண்ணிகளைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு போனார். அது முடிந்ததும் மறுபடி வலது கை. போவதும் வருவதும். துணி அவர் மடியில் அசையவே இல்லை.

கவலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எருதுகள் வாரி என்கிற சரிவில் முன்னோக்கி இறங்கும். கிணற்றிலிருந்து தோல் பறி நிறைந்து மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் எருதுகளைத் திருப்புவதில்லை. அப்படியே பின்னுக்கு நடந்து மேலே ஏறும். பிறந்தது முதல் அவர் பார்த்தது அது. போன வழியே பின்னுக்கு வருவதுதான் அவருக்கு வேலை. வரிசைக்கு வரிசை திருப்புவது அவர் கண்ணுக்கு வெட்டி வேலை.

சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் அங்கே சிப்பாய்க்குத் துண்டு பின்னவா படுத்திருந்தோம்? விரல் மடங்குவதற்காகப் படுத்திருந்தோம். அவருடைய முறையில் பாதி வேலையை இடது கை செய்தது. அந்தக் கை ஏற்கெனவே நன்றாக இருந்த கை. நோய்ப்பட்ட கைக்குப் பாதி நேரம் விடுமுறை.

எழுந்து உட்கார்ந்து அதைச் சொன்னேன். நயமாகச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன்.

"கவுண்டரே, வருகிற வரிசையை இடது கை போடுகிறது. வலது கை ஓய்வெடுக்கிறது. இப்படியே போட்டால் வைகாசிக்கு உங்கள் இடது கை முதல்தரமாக இருக்கும்."

"நீ தூங்குல?"

"பார்த்துக்கொண்டிருந்தேன்."

"களவாணி."

"திருப்பிப் போடுங்கள். மெதுவாகத்தான் வரும். ஆனால் எல்லா வரிசையையும் வலது கை போடும்."

"எருத வாரியில திருப்புனா என்னாவும்னு தெரியுமா உனக்கு? வடம் முறுக்கிக்கும். பறி கெணத்துல போயிரும்."

"இது எருது இல்லை. கம்பளி."

"எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டான். மொறம் பின்னறவன்!"

"விரலைக் காட்டுங்கள். மடக்குங்கள் பார்க்கலாம்," என்றேன். "பெரியண்ணக் கவுண்டர் அடுத்த தடவை வரும்போது பழத்தையாவது நீங்களே உரித்துக் கொடுக்கலாம்."

அவர் எழுந்தார். என் மடியிலிருந்த துண்டிலிருந்து ஊசியைச் சர்ரென்று உருவினார். ஜன்னலுக்கு வெளியே வீசினார். அன்று தம் காட்டில் எங்கள் கட்டையைப் பிடுங்கிய அதே வீச்சு.

பின்னல் தெரிந்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். ஊசி போனால் ஒவ்வொரு கண்ணியும் வாய் திறந்துகொண்டு நிற்கும். ஒன்றைத் தொட்டால் அது நழுவி, கீழே உள்ளதும் அவிழ்ந்து, ஏணிப்படி போலத் துணியின் அடிவரை ஓடும். வாரக் கணக்கில் செய்தது. நான் அவரை அடித்திருப்பேன். என் கை மடங்கியிருந்தால்.

நர்ஸ் லூர்துமேரி வந்து இருவரையும் சேர்த்து வைதார். பிறகு தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி என்னிடம் நீட்டினார். "விழுந்ததை ஒண்ணொண்ணா எடுத்து ஏத்துங்க தம்பி. புதுசா ஆரம்பிக்கக் கூடாது."

"நான் ஏன்? உருவியவர் எடுக்கட்டும்."

"அவர் கையால எடுத்தா மிச்சமும் போயிரும்."

எடுத்தேன். கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் அந்த ஒற்றைச் சுருக்கைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். கொண்டை ஊசியால் அடுத்த நூலை அதன் வழியே இழுக்க வேண்டும். படிக்குப் படி ஏற்ற வேண்டும். நழுவினால் திரும்ப அடியிலிருந்து. அவரை மனதில் வைதுகொண்டேதான் ஒவ்வொன்றையும் கிள்ளினேன். கண்ணிகள் எல்லாம் ஊசிக்கு ஏறியபோது என் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது. டாக்டர் குறடு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பிடித்தேன். கம்பியை நறுக்கினேன்.

நான் வீட்டுக்குக் கிளம்பிய காலையில் கவுண்டர் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்: "நா உருவி உட்டதுனால உன்ற கையி மடங்குச்சு. நெனப்புல வெச்சுக்க."

"நான் சொன்னதை நீங்கள் கேட்டிருந்தால் உங்களுடையதும் மடங்கியிருக்கும். நீங்களும் நினைப்பில் வையுங்கள்," என்றேன்.

அதற்குள் அவருடைய துண்டு நல்ல நீளம் வந்துவிட்டது. வழவழவென்றிருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கியிருந்தன. அப்போதும் அவர் துணியைத் திருப்பாமலேதான் போட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசியில் எனக்குக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. பழனியப்பனே நேரில் வந்தார். "மாமா சொன்னாருங்க, அந்தக் கரண்டுப் பையன் வந்து பாக்கட்டும்னு." என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. போனேன்.

பந்தலில் உறவும் ஒறம்பரையுமாக நிறைந்திருந்தது. கவுண்டர் புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், ஓர் எட்டுத் தள்ளி, பெரியண்ணக் கவுண்டரும் தலைப்பாகையோடு நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நிற்கிறவரைப் போல. கங்கணத் தட்டு வந்தது. கவுண்டர் மஞ்சள் நூலை எடுத்தார். மாப்பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றினார். சுற்று நன்றாகவே வந்தது. முடிச்சுக்கு வந்தபோது நூல் நுனியை விரல் கிள்ளவில்லை. நழுவியது. மறுபடி எடுத்தார். மறுபடி நழுவியது. பந்தலில் மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான். இடது கை தானாக மேலே வந்தது. பாதி வழியில் அதை அவரே கீழே இறக்கிக்கொண்டார்.

பிறகு நூலைத் தட்டில் வைத்தார். திரும்பிப் பார்த்து, "பெரியண்ணா, வந்து கட்டு," என்றார்.

பெரியண்ணக் கவுண்டர் வந்து கட்டினார். மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, மேலே ஒரு மடக்குப் போட்டு இறுக்குகிற முடிச்சு. வலது கையால் ஒரே இழுப்பில் விழுந்தது. நான் அதை நன்றாகப் பார்த்தேன். முடிச்சுக்களைப் பார்ப்பது என் தொழில்.

கூட்டத்துக்குள் நடந்து வந்த கவுண்டர் என் முன்னால் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

"பந்தியில போயி உக்காரு. பச்சடி நல்லாருக்குது," என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரைச் சில தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சண்டை. கம்பி தாழ்வாகத் தொங்குகிறது என்றார். கம்பத்தில் காக்கை உட்கார்ந்து செத்தது, அந்தப் பாவம் யாருக்கு என்றார். பக்கத்துக் காட்டுக்காரன் பம்பு வைத்தபோது அது போடுகிற சத்தத்தில் தன் எருது மிரளுகிறது என்று என் மேலதிகாரியிடம் வந்து நின்றார். கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வலது கையை எப்போதும் தோள் துண்டுக்குள் வைத்திருப்பார். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்றே பழனியப்பனோடு புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது எழவு வீட்டில் கூட்டம் நெருங்கியிருந்தது. வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவரைக் கண்டால் வழி மாறிப் போகிறவர்கள் எல்லாம் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணக் கவுண்டர் எல்லோரையும்விட உரக்க அழுதார். கேட்கச் சகிக்காமல் நான் எழுந்து கட்டுத்தரைப் பக்கம் போனேன். எருதுகள் இரண்டு நின்றன. அன்று இறைப்பு இல்லை. நுகத்தடி சுவரில் சாத்தியிருந்தது. எருதின் கழுத்தில் புண் வராமல் இருக்க, கழுத்து படுகிற இடத்தில் எதையோ சுற்றி மெத்தையாக்கியிருந்தார்கள்.

காக்கிக் கம்பளி.

பழனியப்பன் பின்னாலேயே வந்திருந்தார். "அது மாமா பின்னுனதுங்க. கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து பின்னுவாரு. நாங்க யாரும் பாக்கக் கூடாது. நூலு தீந்துபோனா அந்த நர்சம்மாகிட்ட ஆளத் தாட்டி வாங்கியாரச் சொல்லுவாரு. போன மாசந்தான் முடிச்சாருங்க."

"சிப்பாய்க்குக் கொடுக்கவில்லையா?"

"கேட்டனுங்க. இந்த எருதுதான் எனக்குப் பாடுபட்டுச்சு, எந்தச் சிப்பாயி எனக்குத் தண்ணி எறச்சான்னாருங்க."

நான் சுற்றைத் தளர்த்தி அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தேன். ஆரம்பம் ஆஸ்பத்திரி வேலை. வழவழப்பு. பாதிவரை அப்படியே வந்தது. அப்புறம் ஓர் இடத்தில் குழப்பம்: கண்ணிகள் இறுகி, கோணி, ஓரம் நெளிந்து, அன்றுதான் ஊசி பிடித்தவனின் கைபோல. அதற்கு மேலே வரப்புகள். வரப்புக்கு மேல் வரப்பு, முடிவுவரைக்கும். ஒவ்வொரு வரிசையும் திருப்பிப் போட்டது. ஒவ்வொரு வரிசையும் வலது கை போட்டது.

கல்யாணம் முடிந்த பிறகு, எந்தப் பந்தலும் காத்திராதபோது, அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பத்திலிருந்து படித்திருக்கிறார்.

முடிவில் கண்ணிகளை அவிழாமல் எப்படி அடைப்பது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பாடம் வருமுன் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆளை அனுப்பி நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எல்லாக் கண்ணிகளையும் ஒரு மஞ்சள் நூலில் கோத்து, நுகத்தடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மூன்று சுற்று. நுனி உள்ளே. மேலே ஒரு மடக்கு. நெருக்கமாக, ஒரே இழுப்பில் விழுந்த முடிச்சு.

"இதை யார் கட்டியது?" என்று கேட்டேன்.

"அவருதானுங்க. அருமைக்காரரு முடிச்சில்லீங்களா அது." பழனியப்பன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தையில என்ற மவளுக்குக் கண்ணாலம். கங்கணம் நாந்தான் கட்டுவேன், பெரியண்ணன முன்னால வந்து உக்காரச் சொல்லுன்னு சொல்லியிருந்தாருங்க. உங்களையுங்கூட."

கவுண்டரே, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். பொய் இல்லை. திருப்பிப் போட்ட பகுதியில் இரண்டு இடத்தில் கண்ணி விழுந்திருக்கிறது. நீங்கள் அவற்றைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டீர்கள். உயிரோடு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லி, உருவிவிட்டு மறுபடி போடுங்கள் என்றிருப்பேன். நீங்களும் ஊசியை ஜன்னல் வழியே வீசியிருப்பீர்கள்.

முடிச்சில் குறை இல்லை. இழுத்துப் பார்த்தேன். போய் வாருங்கள்.